மலைப் பயணத்துக்கு முன் சைக்கிள் கியரைச் சரிசெய்துகொள்வது எப்படி?

சமவெளியில் கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலரும் நடுவில் உள்ள இரண்டு மூன்று கியர்களிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். வேலைக்கும் கடைக்கும் கல்லூரிக்கும் அதுவே போதும். ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ கிளம்பினால் நிலைமை வேறு. அதுவரை தொடாமல் விட்டிருந்த மிக இலகுவான கியர்தான் அங்கே மணிக்கணக்கில் வேலை செய்யப்போகிறது. அதில் கோளாறு இருந்தால் ஊருக்குள் ஓட்டும்போது தெரியவே தெரியாது. ஏற்றத்தில், மூட்டையோடு, மூச்சு வாங்கும்போது அந்தக் கியருக்கு மாற்றுவீர்கள்; செயின் ஸ்போக்குக்குள் விழும், அல்லது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் டெரெய்லர் சக்கரத்தில் சிக்கி முறியும். அதோடு பயணம் முடிந்தது.

இந்தக் கட்டுரை, பின்னால் 7 பல்சக்கரமும் முன்னால் 3 பல்சக்கரமும் கொண்ட 21 கியர் சைக்கிளை வைத்துக்கொண்டு முதல்முறை மலையேறப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டது. எடுத்துக்காட்டாகச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம், 20 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். தூரத்தைப் பார்த்தால் சிறியதுதான். கியரைப் பொறுத்தவரை கடுமையான சோதனை.

எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. நல்ல மெக்கானிக்கிடம் போய்ச் சரியாகக் கேட்டு, சரியாக வாங்கிக்கொண்டு வருவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுதான். "கியர் சரியில்லை, பாருங்கள்" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தால், அவர் நடுக் கியர்களில் இரண்டு முறை மாற்றிப் பார்த்து, வயரைச் சற்று இறுக்கிக் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் அவர் செய்ய வேண்டுமானால், எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியாக வேண்டும்.

எப்போது தொடங்குவது

கிளம்புவதற்குப் பத்து நாட்களுக்கு முன். முந்தைய நாள் மாலையில் கண்டிப்பாக வேண்டாம்.

காரணம் இருக்கிறது. பழைய கியர் வயரை மாற்றினால், புது வயர் முதல் சில நாட்களில் தளரும். வயர் நீண்டுவிட்டது என்று கடையில் சொல்வார்கள். உண்மையில் பெரும்பகுதி தளர்ச்சி, வயரை மூடியிருக்கும் வெளிக்குழாயின் முனைகள் தத்தம் இடத்தில் அழுந்தி உட்காருவதால் வருவது. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை சரிசெய்தால் நெடுநாள் நிற்கும். முந்தைய நாள் வயர் மாற்றியவருக்கு அந்தத் தளர்ச்சி நடு மலையில்தான் வந்து சேரும். தவிர, ஏதாவது பாகம் மாற்ற வேண்டியிருந்தால் அது உங்கள் ஊர்க் கடையில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் போன்ற பாகங்களை மாடல் பார்த்துத்தான் வரவழைக்க வேண்டும்.

பெயர் தெரிந்திருக்க வேண்டிய பாகங்கள்

கைப்பிடியில் கியர் மாற்ற இருப்பது ஷிஃப்டர். வலக்கை ஷிஃப்டர் பின் பல்சக்கரங்களையும், இடக்கை ஷிஃப்டர் முன் பல்சக்கரங்களையும் மாற்றுகிறது. ஷிஃப்டரிலிருந்து ஒரு மெல்லிய எஃகு வயர், வெளிக்குழாய் வழியாக டெரெய்லருக்குப் போகிறது. பின் சக்கரத்தின் வலப்பக்கம், செயினைத் தாங்கியபடி இரண்டு சிறு உருளைகளோடு தொங்குகிறதே, அதுதான் பின் டெரெய்லர். அது சட்டத்தோடு இணைகிற சிறு உலோகத் துண்டு ஹேங்கர். பின் பல்சக்கரத் தொகுப்பை ஃப்ரீவீல் என்போம். விலை கூடிய சைக்கிள்களில் கேசட் என்று வேறு அமைப்பு இருக்கும். இவ்வளவு போதும்.

பின்பக்கம் பெரிய பல்சக்கரம் என்றால் மிதிக்க இலகு, வேகம் குறைவு. சிறியது என்றால் கடினம், வேகம் அதிகம். முன்பக்கம் அப்படியே தலைகீழ். கடையில் பேசும்போது "பெரிய கியர், சின்னக் கியர்" என்று சொன்னால் ஆளுக்கு ஒன்றாகப் புரிந்துகொள்வார்கள். "பின்னால் பெரிய பல்லுக்குப் போகவில்லை" என்று சொல்லுங்கள். குழப்பமே வராது.

வீட்டில் செய்ய வேண்டிய சோதனை

முதலில் துடையுங்கள். செயினிலும் உருளைகளிலும் கருப்பு மைபோல் அப்பியிருக்கும் அழுக்கைப் பழைய துணியாலும் பல்துலக்கியாலும் எடுங்கள். அழுக்கோடு இருக்கும் கியரைச் சரிசெய்ய முனைவது வீண் வேலை. மெக்கானிக்கின் நேரத்தில் பாதி அதற்கே போய்விடும்.

அடுத்து, பின் சக்கரம் சட்டத்தின் பிளவில் இரண்டு பக்கமும் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சர் ஒட்டியபின் சக்கரத்தைச் சற்றுச் சாய்வாக மாட்டிவிட்டால் எல்லாக் கியரும் கெட்டதுபோலத் தோன்றும். நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை நேராக உட்கார வைத்து இறுக்கினால் பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிறகு சைக்கிளின் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டெரெய்லரின் இரண்டு உருளைகளும் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில், அவற்றுக்கு மேலே இருக்கும் பல்சக்கரத்தோடு நேராக நிற்க வேண்டும். கீழ் உருளை ஸ்போக்கை நோக்கி உள்ளே சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. வண்டி வலப்பக்கமாக விழுந்தால் போதும், இது நடந்துவிடும். ரயில் நிலையத்துச் சைக்கிள் நிறுத்தத்தில் இடித்துத் தள்ளி அடுக்கும்போதும் நடக்கும். அலுமினியச் சட்டங்களில் ஹேங்கரை வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். அடிபட்டால் சட்டம் தப்பித்து ஹேங்கர் மட்டும் வளையட்டும் என்பதற்காக. சில மில்லிமீட்டர் வளைவுகூடக் கியரைக் கெடுக்கும். 7 பல்சக்கரத் தொகுப்பில் ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5 மில்லிமீட்டர்தான் தூரம். 1984-இல் ஜப்பானின் சைக்கிள் பாக நிறுவனமான ஷிமானோ தன் டூரா-ஏஸ் வரிசையில் 'கிளிக்' என்று படிப்படியாக மாறும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பெல்லாம் ஓட்டுபவர் நெம்புகோலை நகர்த்திக் காதால் கேட்டுக் கேட்டுச் சரியான இடத்தில் நிறுத்துவார். கொஞ்சம் வளைந்திருந்தாலும் கை அதைச் சமாளித்துவிடும். இப்போதைய ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்கு இவ்வளவு வயர் என்று அளந்து இழுக்கிறது. ஆகவே ஹேங்கர் நேராக இருந்தே ஆக வேண்டும்.

செயினின் தேய்மானத்தை ஓர் அங்குல அளவுகோலால் அளக்கலாம். செயின் கண்ணிகளைக் கோக்கும் சிறு ஆணியைப் பின் என்பார்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோடு மற்றொரு பின்னின் நடுவில் சரியாக விழும். அந்தப் பின் 12 அங்குலக் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் ஃப்ரீவீலும் கூடவே தேய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ஃப்ரீவீலில் புதுச் செயினை மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். மலையில் எழுந்து நின்று மிதிக்கையில் அப்படி வழுக்கினால் கீழே விழுவீர்கள்.

வயர், வெளிக்குழாய்க்குள் நுழையும் இடங்களில் இழைகள் பிரிந்திருக்கின்றனவா, துரு இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுங்கள். உப்புக் காற்று வயரை உள்ளிருந்தே அரித்துவிடும்.

இதன் பிறகுதான் கியர் மாற்றிப் பார்க்கும் சோதனை. பின் சக்கரம் தரையைத் தொடாதபடி ஒருவர் சீட்டைத் தூக்கிப் பிடிக்கட்டும். நீங்கள் பெடலைக் கையால் சுற்றியபடி, முன் செயினை நடுப் பல்சக்கரத்தில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் ஒவ்வொரு கிளிக்காக மேலேறி, ஒவ்வொன்றாகக் கீழிறங்குங்கள். அவசரம் வேண்டாம். ஷிஃப்டரில் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போகும்போது (பின்பக்கம் 1 என்பது பெரிய பல்) தயங்குகிறது, தாண்டிக் குதிக்கிறது, சத்தம் போடுகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கொண்டுபோக வேண்டியது அந்தத் தாளைத்தான்.

பெரிய பல்சக்கரத்துக்கு மாற நெருங்கும்போது மட்டும் மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். ஸ்போக் பக்கம் போக முயன்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த வண்டியை மெக்கானிக் பார்க்கும்வரை அந்தக் கியருக்கு மாற்ற வேண்டாம்.

குறித்த தாளைப் படிப்பது எப்படி

பின்னால் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்குகிறது, சின்னப் பல்லுக்கு ஒழுங்காக இறங்குகிறது என்றால் வயர் தளர்ந்திருக்கிறது. புதியவர்கள் சந்திப்பது அநேகமாக இதுதான், சரிசெய்ய எளியதும் இதுதான்.

ஏறுவது நன்றாக இருந்து இறங்குவது தயங்கினால், வயர் மிகையாக இறுகியிருக்கலாம், அல்லது குழாய்க்குள் உரசலாம். இரு திசையிலும் தயக்கம் என்றால் உரசல்தான் என் முதல் சந்தேகம். துருப்பிடித்த வயரை எத்தனை முறை திருகினாலும் பயனில்லை. வயரையும் குழாயையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒருபுறத்துப் பல்சக்கரங்களில் அருமையாக ஓடி மறுபுறத்தில் மட்டும் தகராறு செய்தால் ஹேங்கர் வளைந்திருக்கக்கூடும். செயின் ஒரு முழுச் சுற்று வரும்போதெல்லாம் ஒருமுறை 'டக்' என்று குதித்தால் ஏதோ ஒரு கண்ணி இறுகிக் கிடக்கிறது. அது கியரின் குற்றம் அல்ல.

கையால் சுற்றும்போது எல்லாம் சரியாக இருந்து, ஏறி மிதித்தால் மட்டும் வழுக்குகிறது என்றால் செயின், ஃப்ரீவீல் தேய்மானத்தைப் பாருங்கள்.

நீங்களே தொடக்கூடிய ஒரே ஒரு இடம்

வயர் டெரெய்லருக்குள் நுழையும் இடத்திலோ, ஷிஃப்டரிலிருந்து வெளியே வரும் இடத்திலோ, விரலால் திருகக்கூடிய ஒரு குமிழ் இருக்கும். சில சைக்கிள்களில் இரண்டு இடத்திலும் இருக்கும். அதைத் திருகி வெளியே வரச்செய்தால் வயர் இறுகும். உள்ளே செலுத்தினால் தளரும். வலமா இடமா என்று மனப்பாடம் செய்வதைவிட இப்படி நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் திசை மாறித் தெரியும்.

ஏறத் தயங்கினால் அரைச் சுற்று வெளியே. மறுபடி மாற்றிப் பாருங்கள். இன்னும் தயங்கினால் கால் சுற்று. சரியாக ஏறத் தொடங்கியதும் இறங்குவதையும் சோதியுங்கள். மொத்தம் இரண்டு சுற்றுக்கு மேல் போய்விட்டது, இன்னும் சரியாகவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. குமிழைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

டெரெய்லரில் ஒட்டினாற்போல் இரண்டு சிறு திருகுகள் தெரியும், பக்கத்தில் ஆங்கில எச், எல் எழுத்துகள் பொறித்திருக்கும். இவை லிமிட் ஸ்குரூக்கள். செயின் சின்னப் பல்லைத் தாண்டிச் சட்டத்தின் பக்கம் விழாமல் எச் காக்கிறது. பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்குக்குள் விழாமல் எல் காக்கிறது. கியர் தயங்குவதற்கும் இவற்றுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. ஆனாலும் ஸ்குரூடிரைவர் கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் திருப்புவது இவற்றைத்தான். வேண்டாம். அருகில் அறிந்தவர் இல்லாமல் எல் திருகைத் தொடவே தொடாதீர்கள்.

யாரிடம் போவது

தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரைக் குறைத்து எடைபோடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சக்கரக் கோட்டம் எடுப்பதிலும் பேரிங் பிரித்துப் பூட்டுவதிலும் அவர்களில் பலருக்கு இருக்கும் கைத்திறன் பளபளக்கும் கடைகளில் கிடைக்காது. ஆனால் கியர் வேலை அன்றாடம் செய்கிறாரா என்பதுதான் இங்கே கேள்வி. போய் நின்று பாருங்கள். கடையில் கியர் சைக்கிள்கள் வேலைக்கு வந்து நிற்கின்றனவா? பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட் இருக்கிறதா? பிறகு நேராகவே கேளுங்கள்: "அண்ணே, ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி இருக்கிறதா?" இருந்தால் அவரிடமே விடலாம். இல்லையென்றாலும் வயர் மாற்றுவது, செயின் மாற்றுவது போன்றவற்றை அவர் நன்றாகவே செய்வார்; ஹேங்கருக்கு மட்டும் வேறு கடைக்குப் போகலாம்.

கோவை, சென்னை, மதுரை போன்ற நகரங்களில் வார இறுதிகளில் கூட்டமாக ஓட்டும் சைக்கிள் குழுக்கள் இருக்கின்றன. விடியற்காலையில் ஒரு நாள் அவர்களோடு சேர்ந்து ஓட்டுங்கள். எந்தக் கடை, எந்த மெக்கானிக் என்பதற்கு அவர்களிடம் அனுபவத்தில் பிறந்த பதில் இருக்கும். கருவியை எடுத்துவந்து கற்றுக்கொடுக்கவும் ஒருவராவது முன்வருவார்.

கடைக்குப் போகும் நேரமும் முக்கியம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத் தொடக்கத்திலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் எந்தக் கடையிலும் நிற்க இடம் இருக்காது. வார நாளில், காலை கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போனால் மெக்கானிக் நிதானமாகப் பார்ப்பார்.

எப்படிச் சொல்வது

இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அண்ணே, அடுத்த வாரம் ஏற்காடு போகிறேன். கேரியரில் பத்துக் கிலோ பை இருக்கும். பின்பக்கம் மூன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் ஏறத் தயங்குகிறது. இறங்குவதில் பிரச்சினை இல்லை. குமிழை ஒரு சுற்று வெளியே எடுத்தேன், கொஞ்சம் குணம் தெரிந்தது, முழுதாகச் சரியாகவில்லை. போன மாதம் வண்டி வலப்பக்கமாக ஒருமுறை விழுந்தது. ஹேங்கரைப் பார்த்துவிட்டு, பெரிய பல்லுக்கு வரும்போது ஸ்போக்கில் உரசாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்."

இதில் எங்கே போகிறீர்கள், எவ்வளவு பாரம், எந்த எண்ணில் எந்தத் திசையில் கோளாறு, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள், வண்டிக்கு என்ன நேர்ந்தது எல்லாம் வந்துவிடுகின்றன. விழுந்ததைச் சிலர் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள். மறைக்காதீர்கள், அவருக்கு அதுதான் பெரிய துப்பு. "ஒன்றும் பயப்படாதீர்கள் தம்பி, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால், "அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளட்டுமா, அண்ணே?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர்கள் ஆர்வத்தோடு கேட்பவரை விரட்டமாட்டார்கள்.

அருகில் நின்று என்ன பார்ப்பது

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஹேங்கர். அது நேராகாமல் மற்றதைச் சரிசெய்தால் எல்லாம் மறுபடி செய்ய வேண்டிவரும். பிறகு வயரும் குழாயும். அடுத்து வயரைக் கழற்றிவிட்டு, செயின் சின்னப் பல்லில் நேராக நிற்குமாறு எச் திருகு. அதன்பின் வயரைப் பூட்டி, குமிழால் ஒவ்வொரு கிளிக்கையும் பொருத்துதல். பெரிய பல்லில் வைத்து எல் திருகைச் சோதிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். கடைசியாக, மேல் உருளைக்கும் பெரிய பல்லுக்கும் நடுவில் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு, டெரெய்லர் முன்பின் சாய்வைத் தீர்மானிக்கும் மூன்றாவது திருகு. வரிசை சற்று முன்பின்னாக இருக்கலாம், ஆளுக்கு ஆள் பழக்கம் மாறும். ஆனால் ஹேங்கரைப் பார்க்காமலே லிமிட் ஸ்குரூவில் தொடங்குகிறவரிடம் மட்டும், "முதலில் ஹேங்கரைப் பார்த்துவிடலாமா?" என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள்.

சிலவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். கியருக்கான வெளிக்குழாயும் பிரேக்குக்கான வெளிக்குழாயும் வேறு வேறு. கியர்க் குழாய் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே எஃகு இழைகள் நீளவாக்கில் ஓடும், அழுத்தினால் சுருங்காது. பிரேக் குழாய் 5 மில்லிமீட்டர், உள்ளே சுருளாகச் சுற்றியிருக்கும். இருப்பில் இல்லை என்பதற்காகப் பிரேக் குழாயைக் கியருக்குப் போட்டால் கியர் ஒருநாளும் துல்லியமாக நிற்காது. கியர்க் குழாயைப் பிரேக்குக்குப் போடுவது அதைவிட மோசம். அழுத்திப் பிடிக்கும்போது குழாய் பிளந்து பிரேக் போய்விடும். செயினுக்கு டபிள்யூடி-40 மட்டும் அடித்து அனுப்பினால் ஏற்காதீர்கள். அது அழுக்கை நீக்கும், மசகு எண்ணெய்போல் நிலைத்து நிற்காது. செயினுக்கு உரிய எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, சுற்றிவிட்டு, வெளிப்புறத்தைத் துடைத்துவிட வேண்டும்.

பின் சக்கரத்தில் ஃப்ரீவீலுக்கும் ஸ்போக்குக்கும் நடுவில் ஒளிபுகும் பிளாஸ்டிக் வட்டு இருந்தால் அதை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அழகாக இல்லை என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். முதல்முறை மலையேறுகிறவருக்குச் செயின் ஸ்போக்குக்குள் போகாமல் காக்கும் கடைசித் தடுப்பு அது.

முன் பல்சக்கரங்களில் செயினை மாற்றும் முன் டெரெய்லரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். செயினைச் சூழ்ந்திருக்கும் அதன் கூண்டு பெரிய பல்சக்கரத்தின் பல் முனைக்கு மேல் ஒன்றிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் நின்று, செயின் சின்னப் பல்லுக்கு இறங்கும்போது உள்பக்கம் விழாமல் இருந்தால் சரி. முன்னால் பெரிய பல்லும் பின்னால் பெரிய பல்லும் சேர்ந்தால், அல்லது முன் சின்னதும் பின் சின்னதும் சேர்ந்தால் செயின் குறுக்காக இழுபட்டு உரசும். அது கோளாறு அல்ல; அந்தச் சேர்க்கைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் கியர் மலைக்குப் போதுமா

கியர் மிகச் சரியாக வேலை செய்தும் மலை ஏறமுடியாமல் போகலாம், பல்லின் எண்ணிக்கை போதாவிட்டால். எண்ணிப் பாருங்கள். முன்னால் உள்ள சின்னப் பல்சக்கரத்தின் பற்களைப் பின்னால் உள்ள பெரியதன் பற்களால் வகுக்க வேண்டும்.

21 கியர் சைக்கிள்களில் முன்பக்கம் 48-38-28 அல்லது 42-34-24 என்ற அமைப்பும், பின்பக்கம் 14-28 ஃப்ரீவீலும் (சின்னதில் 14 பல், பெரியதில் 28 பல்) பரவலாக இருக்கும். 28-ஐ 28-ஆல் வகுத்தால் 1. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. 26 அங்குலச் சக்கரத்தில், நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர். சமவெளியில் இது ஊர்ந்து போகும் வேகம். ஏற்காடு வளைவுகளில் மூட்டையோடு போகும் புதியவருக்கு இந்த வேகத்தைத் தாங்குவதே கடினம். வேகம் இன்னும் குறைந்தால் மிதிப்பதும் நிமிடத்துக்கு நாற்பதுக்கு இறங்கி, பாரமெல்லாம் முழங்காலில் விழும்.

பின்னால் 14-34 ஃப்ரீவீல் போட்டால் 28-ஐ 34-ஆல் வகுக்க 0.82 வரும். அதே 60 சுற்றுக்கு மணிக்கு 6 கிலோமீட்டர். ஒரே ஒரு பல்சக்கரம்தான் மாறுகிறது, ஆனால் பத்தாவது வளைவில் அதன் அருமை தெரியும். முன்பக்கம் 24 பல் இருந்தால் 28-உடனேயே 0.86 கிடைத்துவிடும், அப்போது மாற்ற வேண்டிய அவசியம் குறைவு. ஃப்ரீவீலை மாற்றுவதாக இருந்தால் மெக்கானிக்கிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த டெரெய்லர் 34 பல்லைத் தாங்குமா, செயினின் நீளம் போதுமா? சில டெரெய்லர்கள் 28 பல்லுக்கு மேல் ஏறாது. செயின் குட்டையாக இருந்து, தவறுதலாக முன் பெரியது, பின் பெரியது என்று மாற்றிவிட்டால் டெரெய்லரே பிய்ந்துவிடும்.

வாங்கியதும் எப்படி ஓட்டிப் பார்ப்பது

கடைவாசலில் ஒரு சுற்றுப் போதாது. பயணத்தில் ஏற்றப்போகும் அதே பையை அதே எடையோடு கேரியரில் கட்டி, அருகில் இருக்கும் ஏதாவது ஏற்றத்துக்குப் போங்கள். மலை இல்லாத ஊரில் மேம்பாலம் போதும். விடியற்காலையில் போக்குவரத்து இல்லாத நேரமாகப் பாருங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு மாற்றி, மிக இலகுவான கியரில் உட்கார்ந்து முழுவதும் ஏறுங்கள். பாரம் ஏறும்போது சட்டமும் சக்கரமும் மிக நுட்பமாக வளைகின்றன. ஸ்டாண்டில் மயிரிழை இடைவெளியில் தப்பித்த டெரெய்லர் இங்கே ஸ்போக்கில் 'டிக் டிக்' என்று உரசினால் அப்போதே இறங்கிவிடுங்கள், அடுத்த நாள் கடைக்குப் போங்கள்.

மாற்றும் முறையையும் இங்கேயே பழகுங்கள். மாற்றும் அந்த நொடியில் மட்டும் மிதிக்கும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் பெடல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும். அதில் நுழைந்தபின் மாற்றினால் செயின் நெறியும். வளைவு கண்ணில் பட்டதும் மாற்றிவிடுங்கள்.

நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை குமிழைத் தொட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள், அல்லது கடைக்காரரிடம் காட்டுங்கள். முதலிலேயே "ஒரு வாரம் கழித்து ஒருமுறை கொண்டுவருகிறேன்" என்று சொல்லி வைத்திருந்தால் அவரும் எதிர்பார்த்திருப்பார்.

வண்டியை பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோனால்

இத்தனை வேலையும் ஏற்றி இறக்கும்போது பாழாகலாம். பின் செயினைச் சின்னப் பல்லுக்கோ பெரிய பல்லுக்கோ கொண்டுவர வேண்டும் என்றால், நான் பெரிய பல்லையே சொல்வேன். டெரெய்லர் உள்ளே ஒதுங்கி நிற்கும், வெளியே துருத்தாது. வண்டியைப் படுக்க வைக்க நேர்ந்தால் இடப்பக்கம் கீழே, டெரெய்லர் உள்ள வலப்பக்கம் மேலே. அதன்மேல் வேறு மூட்டை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேலத்தில் இறங்கியதும் சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறதா, உருளைகள் நேராகத் தொங்குகின்றனவா என்று மறுபடி பின்னால் குந்திப் பாருங்கள்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை

4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவர், ஒரு பின் கியர் வயர், செயின் கண்ணி கழற்றும் கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்று. உங்கள் சட்டத்தின் ஹேங்கர் தனியாகக் கிடைத்தால் அதையும் வாங்கிப் பையில் போடுங்கள், அந்த மாடலுக்கானது வழியில் கிடைக்காது.

மலையில் பின் கியர் வயர் அறுந்தால் செயின் தானாகவே மிகச் சின்னப் பல்லுக்கு, அதாவது மிகக் கடினமான கியருக்கு விழுந்துவிடும். மாற்று வயர் இல்லையென்றால் எச் திருகை உள்ளே திருகுங்கள். டெரெய்லர் ஒன்றிரண்டு பல் உள்ளே தள்ளி நிற்கும். முன்னால் சின்னப் பல்லுக்கு மாற்றிக்கொண்டால் மெதுவாகவேனும் ஓட்டிக்கொண்டு போகலாம். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் லிமிட் ஸ்குரூவைத் தொடுவதற்கு என் தடை இல்லை. எத்தனை சுற்று திருகினீர்கள் என்று எண்ணி வைத்துக்கொண்டால் பிறகு மீட்டமைப்பது எளிது.

கியருக்காகக் கடைக்குப் போன அதே நாளில் பிரேக் கட்டைகளையும் வயர்களையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஏறும்போது கியர் கைவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். திரும்பும்போது அதே 20 வளைவுகளிலும் கீழே இறங்க வேண்டும். கட்டையில் பள்ளக்கோடு தெரியாத அளவு தேய்ந்திருந்தால் பேரம் பேசாமல் நான்கையும் மாற்றிவிடுங்கள்.